எதிர் வீட்டுச் சுவரில் முருகன்

18-9-1983, ஞாயிறு

"இத்தனை காலண்டர் நக்கோ, வேணாம் டாடி. சுவர் காலியா இருந்தாதான் ஹால் அழகா இருக்கும்," என்றாள் மாலா. உண்மைதான். சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் வருஷா வருஷம் ஆணியில் சேர்ந்தவை. காலையில் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டுபோய்க் காலனி அரசமரத்தடியில் வைத்தேன். ஹால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் எதிர் வீட்டு லட்சுமம்மா காபிக்குக் கூப்பிட்டார். அவர்கள் சுவரில் எங்கள் முருகன்.

"யாரோ மரத்தடியில வெச்சிட்டுப் போயிட்டாங்க சார். மழை வருதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

மாலாவின் அம்மா உயிரோடிருந்த கடைசி வருஷத்துக் காலண்டர் அது. வெள்ளிக்கிழமைதோறும் அவள் வைத்த குங்குமம் முருகன் நெற்றியில் இன்னும் இருந்தது. காலையில் நான் பார்க்கவே இல்லை. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. எழுந்து நின்று கும்பிட்டேன்.

"சாருக்கு பக்தி ஜாஸ்தி," என்றார் லட்சுமம்மா.