ஆறடி பிளேடு

மே 9, வெள்ளி
ராஜ்குமார் டிராக்டருக்குப் புது பிளேடு வந்திருக்கிறது. பின்னால் மாட்டி இழுத்தால் மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளுமாம். அஞ்சடி அகலம், மஞ்சள் பெயிண்ட். அதற்கு மாலை வேறு போட்டிருந்தான். "என்னடா மலேசியா, தாலி எப்ப கட்டப் போற?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். சித்தப்பா மகன், மலேசியாவில் சம்பாதித்துவிட்டு வந்தவன், பத்து வயது சின்னவன், நான் கேலி செய்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை.

மே 11
வானதி அவன் வயலைப் பார்த்துவிட்டு வந்தாள். "தாம்பாளம் மாதிரி இருக்குங்க" என்றாள். நான் கேட்டேனா? கட்டிக்கிட்டு இருபத்தாறு வருஷம். என் வயலை எந்தப் பாத்திரத்தோடும் சேர்த்து இவள் சொன்னதில்லை.

மே 12
கமலாம்பாள் அக்காவின் அஞ்சு மா வயலை ஒன்பது வருஷமாக என் மினி டிராக்டரில் நான்தான் உழுது கொடுக்கிறேன். கீழண்டை மேடு, மேலண்டை பள்ளம். தண்ணீர் விட்டால் ஒரு பக்கம் நாற்று முழுகும், ஒரு பக்கம் காயும். இன்றைக்கு அக்கா சொல்கிறது: "இந்தத் தடவ ராஜ்குமார விட்டு சமமாக்கிட்டு, உழவும் அவனுக்கே குடுத்துடலாம்னு பாக்குறேன் பஞ்சநதம். ஒன்கிட்டதான் பிளேடு இல்லையே."

"யாரு சொன்னா? ஆர்டர் குடுத்துட்டேன்க்கா. ஆறடி!"

வாயில் வந்துவிட்டது. அவன் அஞ்சு என்றால் நான் ஆறு.

"அப்ப ஆத்துத் தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிரு. இல்லன்னா அவன்தான்."

மே 13
திருவிடைமருதூர் கலந்தர் பாய் பட்டறைக்குப் போன் போட்டு ஆறடி என்றேன். "ஒங்களோடது மினி வண்டிதானே அண்ணே? மொதல்ல பின் சக்கரத்த வெளி ஓரத்துலேர்ந்து வெளி ஓரம் அளங்க. ரெண்டு பக்கமும் மூணு மூணு இஞ்சு கூட இருந்தாத்தான் டயர் தடம் அழியும். அதுக்கு மேல போனா வண்டி இழுக்காது" என்றார்.

உடனே அளந்தேன். நாற்றங்காலில் சேறடிக்க மாட்டிய இரும்பு கேஜ் வீலைக்கூடக் கழற்றவில்லை, அவ்வளவு அவசரம். அஞ்சரை அடி. மூணும் மூணும் சேர்த்தால் — ஆறு! சாமி இருக்கிறது.

மே 21
பிளேடு வந்தது. சிவப்பு. ராஜ்குமார் கண்ணில் படட்டும் என்று தெருவைப் பார்த்து நிறுத்தினேன். பார்த்தான். "அண்ணே, இது கொஞ்சம்…" என்று இழுத்தான். "என்னடா, வயித்தெரிச்சலா?" என்றேன். அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

இன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 23
எழுதக் கை வரவில்லை.

மே 24
எழுதித் தொலைக்கிறேன். அக்கா வயலுக்கு நேற்று வண்டி கொண்டு போனேன். காய்ந்த மண்ணில் கேஜ் வீல் எதற்கு? கழற்றிவிட்டு வெறும் டயரோடு இறக்கினேன். பிளேடை வச்சு நாலடி போயிருப்பேன் — முன் சக்கரம் ரெண்டும் தூக்கிருச்சு. வண்டி நகரல. டயர் சுத்திச் சுத்திக் குழி பறிக்குது. திருப்பலாம்னு பாத்தா பிளேடு நுனி வரப்புல ஏறி மூலையப் பேத்துருச்சு. "சமமாக்கச் சொன்னா கொளம் வெட்டுறியேடா!" என்று அக்கா கத்தியது.

இறங்கி அளந்தேன். டயர் மட்டும் மூணே முக்கால் அடி. அன்றைக்கு நான் அளந்தது டயருக்கு வெளியே முடுக்கியிருந்த இரும்புச் சக்கரத்தை.

டேப்பைப் பிடிக்கும்போதே எனக்குத் தெரியாதா? தெரியும். ஆறு வரணும்னு இருந்துச்சு, வந்துருச்சு.

வண்டியை இழுத்து வெளியே விட்டது மலேசியாதான். ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. பண்ணியிருந்தால் தேவலை.

மே 26
அவன் டிரெய்லரில்தான் பிளேடைப் பட்டறைக்கு ஏற்றிப் போனோம். "கேஜ் வீலோட அளந்தீங்களா? ஒங்க பக்கத்துல நீங்க மூணாவது ஆளு" என்றார் பாய். நாலேகால் அடிக்கு வெட்டச் சொன்னேன். பக்கத்துக்கு ஒரு சாணுக்கு மேல் விழுந்தது.

ராஜ்குமார் அந்தத் துண்டைக் காலால் தள்ளிக்கொண்டே நின்றான். "அண்ணே, இதுல எனக்குக் கொஞ்சம் வேணும்."

"எதுக்குடா?"

"என் டயரு அஞ்சேகால் அடி. பிளேடு அஞ்சுதான். போற எடமெல்லாம் ரெண்டு ஓரமும் தடம் விழுது, மம்பட்டியால தட்டிக்கிட்டுத் திரியிறேன். அன்னிக்கே ஒங்ககிட்ட அளவப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுருவீங்கன்னு போயிட்டேன்."

தாம்பாளமாம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்குள் போய் யார் யாரிடம் சொல்வது என்று அங்கேயே பட்டியல் போட்டுவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பாய், இவன் பிளேடுல ரெண்டு பக்கமும் ஒட்டி விடுங்க. மேல மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருங்க."

ஜூன் 3
அக்கா வயல் முடிந்தது. மூன்று நாள் ஆனது. வரப்பு மூலையை நானே மண் அணைத்துக் கட்டினேன்.

ஜூன் 18
தண்ணீர் வந்துவிட்டது. அக்கா வயலில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை நடந்து பார்த்தேன், எல்லா இடமும் கணுக்கால்தான். அக்கா பாராட்டவெல்லாம் இல்லை. "நாளைக்கு வெள்ளனவே சேறடிக்க வந்துரு" என்றது.

திரும்பும்போது ராஜ்குமார் வயல். வானதி நின்றுவிட்டாள். "பாருங்க, மறுபடியும் தாம்பாளம்!"

"ஆமா. அதுல ரெண்டு ஓரமும் நம்மளுது."

எப்படி என்று கேட்டாள். சொல்லவில்லை.