அவளுக்காகப் பிடித்து வைத்த சீட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் உன் மகளுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. நேற்று போனைப் பாதியில் வைத்தது கோபத்தில்தான், இன்னும் பேசியிருந்தால் கத்தியிருப்பேன், அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் முழுக்க நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில் டாக்டர் வீட்டுப் பெண் இவளுக்காக ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைத்தாள். வாயே திறக்காத பிள்ளை கலகலவென்று பேசியதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். மூன்றாம் வகுப்பிலேயே என் பேத்தி தானாகச் சிநேகிதம் பிடித்துக்கொண்டாள் என்று பெட்ரோல் பங்க்காரரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் ரப்பருக்குச் சண்டை. அந்தப் பெண் எல்லார் முன்னாலும், உங்கம்மா எங்கம்மாகிட்ட கெஞ்சினாங்க, கலர் பென்சில் எல்லாம் அனுப்பறாங்க, அதான் உன்ன சேத்துக்கிட்டேன் என்று போட்டு உடைத்துவிட்டாள். வண்டியை ஓரம் கட்டினேன், கண்ணாடியில் இவளைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

அவளுக்குத் தன்னம்பிக்கை வரட்டும்னுதாம்பா செஞ்சேன் என்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா அம்மாடி? அவளையும் என்னையும் நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். இன்னொன்றும் கேள். போன வருஷக் கடைசியில் இவள் என் முதுகுக்குப் பின் சீட்டில் தையற்காரர் மகளோடு உட்கார்ந்து காகிதம் மடிக்கத் தொடங்கியிருந்தாள். அந்தப் பிள்ளை எந்நேரமும் மூக்கை உறிஞ்சும், இரண்டும் அதிகம் பேசாது. ஆனால் அது இவளே தேடிக்கொண்ட சிநேகிதம். ஜன்னலோர சீட்டு கிடைத்ததும் அதை விட்டுவிட்டாள். இப்போது திரும்பிப் போக வெட்கப்பட்டுக் கடைசி சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள்.

நேற்று சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்ட பிறகு, தாத்தா, நீயும் அம்மா சொல்லித்தான் என்கூட இருக்கியா என்று கேட்டாள். பாத்துக்கோங்கப்பா என்று சொல்லித்தானே விட்டுப் போனாய். இல்லடா கண்ணு என்றேன். சரி என்றாள், நம்பின மாதிரி தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே. கோபம் இருந்தாலும் உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம் குறையாது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிட்டு, செய்ததை உன் வாயாலேயே அவளிடம் சொல். என்னைச் சொல்லச் சொல்லாதே. நான் எதைச் சொன்னாலும், அம்மா சொல்லச் சொன்னாங்களா என்றுதான் இப்போது கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா