மூன்று நேர்த்தியும் முப்பது பயத்தம் உருண்டையும்

சாம்பல்தீவு,
திருகோணமலை.
வெள்ளிக்கிழமை, பின்னேரம்.

அன்புள்ள மகன் பிரவீனனுக்கு அம்மா இலட்சுமி எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி மூன்று பேரும் அம்மன் காவலில் சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டபடியால் அந்த வசனத்தை விட்டுவிடுகிறேன்.

அண்ணா, இவ்வளவும்தான் அம்மா சொல்லச் சொல்ல ஒழுங்காக எழுதியது. இனிமேல் உன் தங்கச்சி லக்சாயினியின் ஆட்சி. அம்மாவின் வலக்கையில் செவ்வாய்க்கிழமை கெளுத்தி மீன் முள் குத்தி, கை பணிஸ் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. பயப்படாதே, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் துணி சுற்றி விட்டார்கள், வீக்கம் வற்றிக்கொண்டு வருகிறது. கைக்குத்தான் கட்டு, வாய்க்கு ஒரு கட்டும் இல்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு சொல்லிக்கொண்டே போகிறார். அதில் எது கடிதத்தில் ஏறும், எது ஏறாது என்று தீர்மானிக்கிற அதிகாரம் வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேனாவுக்குக் கிடைத்திருக்கிறது. பதினொரு நாளாக நீ போன் எடுக்கவில்லை. அம்மா எடுத்தாலும் மணி அடித்து ஓய்கிறது, அப்பா எடுத்தாலும் அப்படித்தான். எனக்கு மட்டும் ‘பிறகு கதைக்கிறேன்’ என்று ஒரு செய்தி வந்தது, அந்தப் பிறகு இன்னும் வந்து சேரவில்லை. போனைத்தான் எடுக்காமல் விடுவான், கடிதத்தை என்ன செய்வான் பாப்பம் என்று அம்மா கொப்பியைத் தூக்கி என் மடியில் போட்டார். அதுதான் இது.

உன் அறையில் உன்னோடு இருக்கிற சரீப் ஒரு கிழமை லீவில் தன் ஊர் குறிஞ்சாக்கேணிக்கு வந்தவன், ஞாயிற்றுக்கிழமை உன்னுடைய தடித்த போர்வையைத் திரும்பிப் போகும்போது கொண்டுபோகிறேன் என்று சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கட பிரவீனன் சுகமா இருக்கிறானோ தம்பி என்று அம்மா கேட்க, ஓம் அன்ரி சுகம் என்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னான். இரண்டாம் தரம் கேட்க, கோப்பையின் பிடியைப் பார்த்துச் சொன்னான். மூன்றாம் தரம் அம்மா கேட்கவில்லை, இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அம்மாவின் சொதிக்கு முன்னால் எந்தப் பொய்யும் நிற்காது என்று உனக்குத் தெரியும்தானே. ஏழாவது இடியப்பத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. புயலோடு கம்பஸ் மூடிக் கிடந்ததும், திறந்த பிறகு இரண்டு மாதப் பாடத்தை மூன்று கிழமையில் ஓட்டி முடித்துச் சோதனை வைத்ததும் எங்களுக்குத் தெரியும். சோதனை முடிவு வந்ததும், உனக்கு இரண்டு பாடம் பெயில் என்பதும், அடுத்த மாதக் கடைசியில் அந்த இரண்டையும் திரும்ப எழுத வேண்டும் என்பதும் தெரியாது. ஒரே பக்கத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கிறாயாம். ஒரு நேரச் சாப்பாடாம், மிச்ச நேரம் வெறுந்தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாம். எனக்கு ஏலாது மச்சான், பையைக் கட்டிக்கொண்டு போய் அப்பாவோட கடல் தொழிலுக்கு இறங்கப்போறன் என்று சொன்னாயாம். சரீபோடு கோவிக்காதே. பிரவீனனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி என்று நாலு தரம் கெஞ்சினவன். அம்மாவும் சொல்லமாட்டன் என்று வாக்குக் கொடுத்தார். அம்மா சொல்லவில்லை, நான்தான் எழுதுகிறேன்.

பெயிலானதை ஏன் எங்களிட்ட ஒளிச்சவன் என்று அம்மா கேட்டபோதுதான் குண்டு விழுந்தது. அவன் பெயிலுக்குப் பயப்படேல்லை அன்ரி, வீட்டில நீங்கள் மூண்டு பேரும் அவனுக்காக அம்மனுக்கு நேத்தி வச்சிருக்கிறியள், பாஸாகாமல் எந்த முகத்தோட வாறது எண்டுதான் யோசிக்கிறான் என்றான் சரீப். மூன்று பேரும் என்ற சொல் எங்கள் மூன்று பேருக்கும் புதிது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் கால் விரல்களைப் பார்த்தார். நான் கூரையில் பல்லி எண்ணினேன்.

என்ன நடந்தது என்று உனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும் அண்ணா, எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. உன் சோதனை தொடங்கிய கிழமையில் அம்மா, நீ எல்லாப் பாடமும் பாஸானால் கடற்கரையிலிருந்து கோயில் வரைக்கும் நீ பாற்காவடி எடுப்பாய் என்று நேர்ந்து, அதுவரைக்கும் தான் மீன் வாயில் வைப்பதில்லை என்றும் வைத்திருக்கிறார். தொழிலுக்குப் போகிறவரின் பெண்சாதி, எங்களுக்கு மீன் ஆக்கித் தந்துவிட்டு மூன்று மாதமாகப் பருப்போடு சோறு தின்றார். கேட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அப்பா நீ பாஸாகும் வரைக்கும் முகம் வழிப்பதில்லை என்று நேர்ந்தார். கேட்டால் பிளேட் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நானோ, நீ பாஸாகும் வரைக்கும் யாருக்கும் ஒரு குறும்பும் செய்வதில்லை என்று அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். கேட்டால் வளர்ந்துவிட்டேன் என்றேன், வெட்கம் கெட்டு அம்மாவும் நம்பிவிட்டார். இந்த வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று பொய். உனக்கு மட்டும் போனில் தனித்தனியாக உண்மை, கூடவே மற்ற ஆட்களுக்குச் சொல்லாதே என்று ஒரு பூட்டு. உனக்கு உற்சாகம் வரும் என்றுதான் சொன்னோம். ஓட்டப்பந்தயத்தில் நிற்கிறவனின் தோளில் ஆளுக்கொரு அரிசி மூட்டையை வைத்துவிட்டு, ஓடு ராசா ஓடு என்று கை தட்டியிருக்கிறோம். உனக்கு வந்தது தோல்வி இல்லை அண்ணா, தோள்வலி.

என் தொண்ணூற்றேழு நாளைப் பற்றியும் இரண்டு வரி எழுத எனக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுப் புஸ்பராணி அக்கா உப்பும் சீனியுமாக இரண்டு போத்தலைத் தூக்கிக் காட்டி, இதில சீனி எது பிள்ளை என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அப்பா வாயைத் திறந்துகொண்டு மத்தியான நித்திரை கொண்டபோது என் கையில் பிழியத் தயாராகப் பாதித் தேசிக்காய் இருந்தது. திரும்பிக் குசினிக்கே கொண்டுபோனேன். தவம் என்றால் இதுதான்.

திங்கட்கிழமை விடியவே அம்மா எங்கள் இரண்டு பேரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீன் யாவாரியோடு கதைப்பது மாதிரி அம்மனோடு நேருக்கு நேர் நின்று கதைத்தார். நான் கேட்டது பிழை தாயே, பாஸாகிறது அவன்ர வேலை, அதைக் கொண்டுவந்து உன்ர தலையில வச்சது என்ர மடத்தனம், அவனுக்குப் பசியையும் நித்திரையையும் குடு, அது உன்ர வேலை என்றார். காவடிப் பேச்சு இனி இல்லை என்றும், நேர்ந்ததைச் சும்மா விடக்கூடாது என்பதால் அதற்குப் பதிலாக அன்றைக்கே பொங்குகிறேன் என்றும் சொல்லி, அங்கேயே அடுப்பு மூட்டினார். வரம் கிடைக்க முதலே பொங்கிற ஆளை இப்பதான் காணுறன் என்று பூசாரியார் சிரித்தார். ஆகவே மகனே, நீ பாஸானாலும் பொங்கியாயிற்று, பெயிலானாலும் பொங்கியாயிற்று, உன் பேரில் இனி அந்தக் கோயிலில் ஒரு பாக்கியும் இல்லை. மகனே என்ற சொல் அம்மா போடச் சொன்னது, நான் உன்னை அப்படிக் கூப்பிடுவேனா.

கோயிலால் வந்த கையோடு அப்பா சலூனுக்குப் போனார். தாடி எடுத்த முகத்தில் மேல் பாதி கறுப்பு, கீழ் பாதி வெள்ளை. தண்ணீருக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று கரையில் ஏற்றி வைத்த படகு மாதிரியே இருக்கிறார். அவரைக் கண்டு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று புஸ்பராணி அக்கா பால் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை அம்மா மூன்று மாதத்துக்குப் பிறகு தனக்கென்று மீன் வெட்ட உட்கார்ந்தார். ஆசையில் கொஞ்சம் அவசரப்பட்டார். கெளுத்தி பொறுமையாகக் காத்திருந்து குத்திவிட்டது. இருந்தும் இடக்கையால் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று எழும்பினார்.

அப்பாவிடம் நீங்கள் என்ன எழுதச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று வெளியே போனவர், செருப்பைப் போட்ட பிறகு திரும்பி வந்தார். புயலில் உடைந்த படகு இன்னும் ஒட்டுவேலை முடிந்து வரவில்லை, அதனால் நிலாவெளியில் கரைவலை இழுக்கப் போகிறார் என்று உனக்குத் தெரியும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கரைவலை இழுக்கிறவன் கயிறைப் பிடிச்சுக்கொண்டு பின்பக்கமாத்தான் நடப்பான். ஒரு எல்லைக்கு வந்ததும் கயிறை விட்டுப்போட்டு, கையை உதறிக்கொண்டு, சும்மா நடந்து தண்ணிக் கரைக்குப் போவான். போய்த் திரும்பவும் பிடிப்பான். அந்தச் சும்மா நடக்கிற நடை இல்லாட்டி ஒருத்தனாலும் வலையைக் கரை சேர்க்க ஏலாது. ரெண்டு பாடத்தையும் அப்பிடிப் பிடிக்கச் சொல்லு, விடாமல் இழுத்தால் கைதான் கிழியும். இவ்வளவுதான். நம் அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பின்பக்கமாக நடக்கிறவர்கள் எல்லாரும் பின்தங்கினவர்கள் இல்லை என்று நான் சேர்த்துச் சொன்னேன். நல்லாயிருக்கு, அதையும் எழுது என்றார்.

இனி அம்மாவின் கட்டளைகள், மூச்சுவிடாமல் வாசி. காலையில் வயிற்றில் ஏதாவது போடாமல் கொப்பியைத் திறக்கக்கூடாது. பதினொரு மணிக்கு மேலே லைட் எரியக்கூடாது, எரிந்தால் சரீப் சொல்லுவான், அவனுக்கு இனி மாதாமாதம் சொதி உண்டு. சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டும். விளங்காத இடத்தை விரிவுரையாளரிடம் போய்க் கேட்க வேண்டும், மீன் விற்கிறவள் கூவ வெட்கப்பட்டால் மீன் கூடையிலேயே நாறும். மனம் ஒரேயடியாகப் பாரமாக இருந்தால் கதைக்கவென்றே கம்பஸில் ஆட்கள் இருக்கிறார்களாம், கால் வலித்தால் டாக்டரிடம் போகிற மாதிரிப் போய்க் கதைக்க வேண்டும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பின்னேரத்தில் வெளியே போய் நடக்க வேண்டும். இதற்கு மட்டும் என் சொந்த உரை: பட்டம் விட நூல் வேண்டும்தான், ஆனால் காற்று இல்லாமல் எந்தப் பட்டமும் மேலே ஏறியதில்லை. போய்க் காற்று வாங்கு.

இந்த இடத்தில் அம்மா கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்துக்கொண்டு என் பேனாவைப் பார்த்தார். பிறகு சொன்னதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. தம்பி, உண்மையாவே அந்தப் படிப்பு உனக்கு வேண்டாமெண்டால் வா, கதவு பூட்டி இருக்காது. ஆனால் எங்கட முகத்துக்குப் பயந்து வராதை, பசியோட வராதை, நித்திரை இல்லாத கண்ணோட ஒரு முடிவும் எடுக்காதை. பத்து நாள் சாப்பிட்டு, பத்து நாள் படுத்து எழும்பு. அதுக்குப் பிறகும் அதையேதான் சொல்லுறாயெண்டால் நானே வந்து உன்ர பையைத் தூக்குவன். கடல் எங்கேயும் போகாது.

நாளைக்கு விடிய சரீப் பஸ் ஏறுகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தோடு போர்வை, எள்ளெண்ணெய் ஒரு போத்தல், நெத்தலிக் கருவாடு, பிறகு முப்பது பயத்தம் உருண்டை கொடுத்துவிடுகிறோம். அம்மா பக்குவம் சொல்ல உருட்டியது முழுக்க நான். காலையில் இரண்டு, பின்னேரம் ஒன்று, பத்து நாளுக்கு அளவாக இருக்கும். அம்மா பொங்கிய பொங்கலோடு என் நேர்த்தியும் கழிந்துவிட்டது என்று பூசாரியாரிடம் இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன். ஆகவே தொண்ணூற்றேழு நாளுக்குப் பிறகு என் முதல் வேலை உனக்குத்தான் அண்ணா. அந்த முப்பதில் ஒன்றுக்குள் சீனிக்குப் பதிலாகக் கொச்சிக்காய்த் தூளும் மிளகும் இருக்கிறது. எது என்று எனக்கே தெரியாது, வெளியே எல்லாம் ஒரே மாதிரி. சரீபுக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, இந்தப் பந்தியை எழுதும்போது மருந்துக்குளிசை நேரம் என்று அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டேன். உடைத்துப் பார்ப்பது கள்ளாட்டம், கடித்துத்தான் பார்க்க வேண்டும். அகப்பட்டவுடன் எனக்குக் கோல் எடுத்து வாய் நிறையத் திட்டு. எந்த நேரமென்றாலும் பரவாயில்லை. சிக்னல் வருகிற இடமென்று போனைக் குசினி ஜன்னலில் வைத்து, பதினொரு நாளாக அம்மா அந்தப் பக்கமே கதிரையைப் போட்டு இருக்கிறார். நீ திட்டுகிற சத்தம் அவருக்கும் கேட்கட்டும்.

உன் பசிக்கும் நித்திரைக்கும் அம்மன் காவல் இருக்க, கையும் மனமும் தெளிந்து நீ நல்லாயிருக்க அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். போர்வையை விரித்துப் படு, மடித்து அலுமாரியில் வைக்காதே.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா யோ. இலட்சுமி
(இடக்கைக் கையெழுத்து. இறால் என்று நினைத்துவிடாதே.)
அப்பா யோகலிங்கம்
எழுதியவள்: லக்சாயினி

தம்பி, இது அம்மா, இடக்கையால எழுதுறன். அவள் கடதாசி உறை வாங்கக் கடைக்குப் போயிட்டாள். அவள் உருண்டைக்குள்ள தூள் வச்சதை நான் பாத்தனான். எடுக்கேல்லை. கடிச்ச உடனே கோல் எடு.