உங்கள் பேரைக் கூப்பிட்டார்கள்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் தாண்டிவிட்டது. மாட்டுங்கா வீட்டில் இன்னும் நாங்கள்தான் இருக்கிறோம். இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியை நிம்மதியாகக் கேட்க மாட்டீர்கள்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நீங்கள் இறந்ததைக் கோயிலில், பட்டறையில், ரேஷன் கடையில் எல்லாம் சொன்னேன். வக்கீலிடம் சொல்லத் தோன்றவே இல்லை. வீட்டு கேஸ் வாய்தா அன்று உங்கள் ரெக்சின் பையோடு போய், நீங்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். "அப்பா வரலையா?" என்று வக்கீல் அம்மா கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

நம் அப்பீலை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்று வீட்டுக்காரர் தரப்பு மனுப் போட்டிருந்ததே, அதற்குத்தான் அவர் பதில் தயாரித்து வந்திருந்தார். வராந்தாவில் அவருடைய சீனியர் அதை மூடி வைக்கச் சொன்னார்.

"ஜூரிஸ்டிக்‌ஷன் கெடக்கட்டும்மா. தொண்ணூறு நாளுக்குள்ள வாரிசுகளைச் சேர்க்கலேன்னா அப்பீலே விழுந்துடும். அப்புறம் அதை எழுப்ப ஒரு மனு, லேட்டானதுக்கு ஒரு மனு. கிடைக்கும்னு நிச்சயமில்லை. வீடு போயிடும்."

நீங்கள் போன நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். எட்டு நாள் இருந்தது. அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

டோம்பிவிலியிலிருந்து தம்பி லீவு போட்டு வந்து வாரிசு மனுவில் கையெழுத்துப் போட்டான். அம்மா மட்டும் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். "அவுக பேர எடுத்துருவாவளோ?" என்றாள். "எடுக்க மாட்டாங்க. முதல்ல அவர் பேர்தான் இருக்கும், இறந்துட்டார்னு போட்டு கீழே நீங்க வருவீங்க" என்றார் வக்கீல் அம்மா. அதற்குப் பிறகுதான் போட்டாள்.

உங்களோடு லோக்கல் ரயிலில் கோர்ட்டுக்குப் போன நாட்கள் எனக்கு இத்தனை பிடித்திருந்தன என்று இப்போதுதான் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கும் கோர்ட்டுக்கும் மட்டும் போடும் அந்த வெள்ளைச் சட்டை, திரும்பும்போது ஆளுக்கொரு வடாபாவ். உங்கள் பேரைக் கூப்பிட்டால் வக்கீலுக்கு முன்னால் நீங்கள் எழுந்து "ஹாஜிர் சாப்" என்பீர்கள். எனக்கு மானம் போகும். "ஏன்ப்பா எந்திரிக்கீங்க, வக்கீல் இருக்காங்கல்ல?" என்றால், "ஏட்டி, என் பேரைக் கூப்பிடுதாவ. உக்காந்தே இருக்கது மரியாதையா?" என்பீர்கள். அந்தக் குரலுக்கு அன்று ஏன் வெட்கப்பட்டேன் அப்பா?

முந்தாநாள் அந்த வாரிசு மனு விசாரணைக்கு வந்தது. குமாஸ்தா உங்கள் பேரைத்தான் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன். "ஹாஜிர் சாப்" என்று வாயில் வந்துவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.

எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எந்தக் கோர்ட் என்ற சண்டை அடுத்த வாய்தாவுக்கு இருக்கிறது. எங்கே மாற்றினாலும் மாற்றட்டும். உங்கள் பேரைக் கூப்பிடும் இடத்திலெல்லாம் நான் எழுந்து நிற்பேன்.

உங்கள் மகள்,
ஜெயசெல்வி
அப்பீலில் உங்கள் பேருக்குக் கீழே, அம்மாவுக்கு அடுத்து