ஆறாம் ஸ்தலத்துத் துணி

சேசு மரி சூசை துணை

நாகலாபுரம்
13-4-1955

அன்பு மகன் இன்னாசிக்கு அம்மா மதலேனம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை பிலோமினாளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், உன் சுகம் நீ எழுதினால்தான் தெரியும். கறுப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா மெட்ராசுக்குப் போகுமா என்று இன்னும் முடிவாகவில்லை, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று கிடக்கிறோம், தாலுகா ஆபீசிலிருந்து தெலுங்கில் வரும் காகிதத்தைப் பிலோமினாள்தான் படித்துச் சொல்கிறாள்.

உன் கடிதம் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் வந்தது. கரக்பூரில் ஒர்க்ஷாப் சிநேகிதர்களோடு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாய், வேதாகமத்தை முழுக்கப் படித்துவிட்டாய், நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் ஆறாம் ஸ்தலத்தில் நான் வெரோணிக்கம்மாளாகத் துணி பிடித்து நிற்பது வெறும் வேஷம், அப்படி ஒருத்தி சேசுநாதர் முகத்தைத் துடைத்ததாக வேதத்தில் ஒரு வரி கிடையாது, இந்த வருஷமும் நின்றால் இனி வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அம்மாடி, பெரிய வார்த்தை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உபதேசியாரிடம் கேட்டேன். நாலு சுவிசேஷத்தையும் புரட்டிவிட்டு, ஆமாம்மா, பையன் சொல்றது நெஜந்தான், எங்கியும் இல்ல என்றார். சரி, நீ சொன்னது உண்மை. பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த சுவாமியாரிடமும் கேட்டேன். அருளப்பரே தம் சுவிசேஷத்தின் கடைசியில் சேசுநாதர் செய்ததையெல்லாம் எழுதினால் உலகம் கொள்ளாது என்கிறாரே, அப்போஸ்தலர்கள் முதலில் வாயால் சொன்னார்கள், பிறகுதான் எழுத்து வந்தது, திருச்சபை இரண்டையும் கைவிடுவதில்லை என்றார். ஆனால் வெரோணிக்கம்மாள் சங்கதி விசுவாசக் கட்டாயம் இல்லையாம், பக்தியாம், இஷ்டமிருந்தால் நில், இல்லாவிட்டால் வேறொருத்தி நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வீட்டு ரத்னம்மா, நா நிக்கிறேன்க்கா, ஒம் புள்ள வந்து போய்க்கினு இருக்கட்டும் என்றாள். அவளுக்குச் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், உன் நைனா ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

முந்தா வருஷம் எல்லைக் கலாட்டாவில் புத்தூர் சந்தையில் யாரோ எறிந்த கல் பட்டு உன் நைனா மண்டை உடைந்து கிடந்தாரே, கூட்டமெல்லாம் ஓடிய பிறகு கூடைக்காரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் முகத்து ரத்தத்தைத் துடைத்தாள். தெலுங்குக்காரி, பேர் தெரியாது. மறுநாள் பத்திரிகையில் கலாட்டா வந்தது, அவள் வரவில்லை. அந்தம்மா எம் மூஞ்சியத் தொடச்சிக்கினே அழுதுச்சி மதலேனு என்று நைனா கண்மூடும்முன் என்னிடம் சொன்னார், நான் உன்னிடம் சொன்னேன். நீ கேட்டு அழுதாய், சிநேகிதர்களிடமும் சொன்னதாக எழுதினாய். எங்கே எழுதியிருக்கிறது என்று அப்போது நீ கேட்கவில்லை. அந்த வருஷத்திலிருந்துதான் நான் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அதனால் இந்த வருஷமும் நின்றேன். நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயத்தில் துணியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அங்கே வெயில் கடுமை என்கிறார்கள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, மோர் குடி. ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் ஞாயிறு பூசையை விடாதே, பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கிப் பாஸ்குக் கடனைத் தீர்த்துவிடு. தேவமாதா உன் தலைமாட்டில் நின்று காக்கட்டும். வாசல் மிதிக்க மாட்டேன் என்று நீ எழுதிய காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னோடு வேலை செய்கிற நம்மூர் ரங்கன் அடுத்த மாதம் லீவில் வருகிறானாம். வருகிறேன் என்று அவனிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, நான் நம்புவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
மதலேனம்மா