ராணுவ லாரியின் இரண்டாவது சாவி

ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை விட்டிருக்கிறது.

ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தேனே, அந்த லாரிக்குச் சாவியே கிடையாது. சுவிட்சைத் தட்டினால் யார் கைக்கும் கிளம்பிவிடும். அதனால் ஸ்டீயரிங்கைச் சங்கிலியால் கட்டித் திண்டுக்கல் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாணிலேயே வைத்திருக்கிறேன். "அந்தத் தண்டத்தக் காயலாங்கடையில போடுங்க" என்பதுதான் என் பெண்டாட்டி செல்வியின் தினசரிப் பாட்டு.

இன்று டவுனிலிருந்து வந்தால் தோட்டத்தில் லாரி இல்லை. பதறி ரோட்டுக்கு ஓடினேன். சேற்றில் புதைந்த தக்காளி வேனை இழுத்துக்கொண்டு எதிரே வந்தது. ஓட்டியது செல்வி.

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போற சரக்குங்க. அழுகிப் போயிரும்ல" என்றாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "பூட்டு?" என்று மட்டும்தான் வந்தது.

"பூட்டு வாங்குனா ரெண்டு சாவி குடுப்பாங்கல்ல."

டிராக்டர் ஓட்டிப் பழகியவள்தான், சரி. ஆனால் படுக்கும்போது சொல்கிறாள்: "ரெண்டாவது கியர் எப்பவுமே செத்த முரண்டு பிடிக்குது. என்னன்னு பாருங்க."

எப்பவுமேயாம். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

நான் டவுனுக்குப் போன நாட்களையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். கோபம் வரவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு நாளாவது என்னையும் ஏற்றியிருக்கலாம்.