கண்காணிப்பாளரின் நாக்கு

மே 12, 2020, செவ்வாய்

இன்று வண்டி நிலையத்தில் மூன்று சண்டை. மூன்றும் முகக்கவசத்தால் வந்தவை. ஒருவன் அதைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு எஜுரா ஊருக்குப் போகும் வண்டியில் ஏறினான். "மூக்கு எங்கேப்பா?" என்றேன். "மூக்குக்குத் தனியா டிக்கெட் எடுக்கல, அண்ணே" என்றான். வண்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குமாசியில் இந்த நிலையத்தில் எந்த வண்டி முதலில், எது பிறகு என்று வரிசை சொல்லும் மாஸ்டர் நான். நான் சொல்லாமல் ஒரு சக்கரம் உருளாது. ஒரு மூக்கை மூட வைக்க முடியவில்லை!

வீட்டுக்கு வந்தால் மகள் கொனாடு கட்டிலின் ஓரத்தில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தை மூடிவிட்டு, பாடத்தை இதற்குள் அனுப்புகிறார்கள். டேப்லெட் அவர்கள் கடனாகக் கொடுத்தது. மாதாமாதம் இணையமும் கொடுக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வாரம் ஒரு தடவை மாணவர் உதவிப் பிரிவிலிருந்து அசாபியா என்று ஒரு அம்மாள் கூப்பிடுகிறார். இன்று போனை நான் எடுத்தேன்.

"கொனாடு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"அவகிட்டக் குடுங்களேன்."

"அவகிட்டக் கேக்கறத என்கிட்டயே கேக்கலாம், மேடம்."

"மனசு எப்படி இருக்குன்னு கேக்கணும்."

மனசா? என் வீட்டில் எல்லார் மனசும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தேன். அரை மணி நேரம் பேசினார்கள். மனசைப் பற்றி அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது? புள்ளியியலைப் பற்றிப் பேசினாலாவது புண்ணியம். போன வருஷம் அந்த ஒரு தாளில் தோற்றாள். இந்தத் தடவையும் போனால் படிப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 19, செவ்வாய்

பல்கலைக்கழகம் கொடுத்த இணையத்தில் பாதியை என் மனைவி ஃப்ரேமா சபை ஆராதனை பார்த்தே தீர்த்துவிட்டாள். கேட்டால், "ஜெபம் பண்ணதும் அவ படிப்புக்குத்தானே" என்கிறாள்.

மே 28, வியாழன்

நல்ல செய்தி! தேர்வை வீட்டிலேயே எழுதலாமாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் கண்காணிப்பாளராக இருக்க வேண்டும். டேப்லெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பேசாமல், உதவாமல், யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதிப்புக்குரிய பெரியவர் - அப்படியே போட்டிருக்கிறார்கள்.

"நம்ம உபதேசியாரக் கூப்பிடலாமா?" என்றாள் ஃப்ரேமா.

"ஏன், இந்த வீட்ல பெரியவன் செத்தா போயிட்டான்?"

கொனாடு மெதுவாக, "அம்மா உக்காரட்டுமேப்பா" என்றாள். அம்மாவுக்கு ஐந்து நிமிஷம் வாய் மூடி இருக்கத் தெரியுமா? பிள்ளை விவரம் தெரியாமல் பேசுகிறது. என் பெயரைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். தேர்வு ஜூன் பத்தாம் தேதி, மதியம்.

ஜூன் 3, புதன்

மைக் திறந்தே இருக்குமாம். ஏதாவது சத்தம் கேட்டால் அந்த இயந்திரம் குறித்துக்கொள்ளுமாம். எங்கள் வளாகத்தில் ஒரே முற்றம், சுற்றிப் பதினொரு அறை. இங்கே இல்லாதது அமைதி ஒன்றுதான். ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொன்னேன். தையல்காரர் மிஷினை நிறுத்துவதாகச் சொன்னார். ரேடியோ வைத்திருப்பவர் முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார். மாட்டேன் என்று நின்றது டூஃபியே அக்காதான். சாப்பாட்டுக் கடைக்காரி. மதியமானால் முற்றத்து நடுவில் உரலைப் போட்டு, அவித்த மரவள்ளியும் வாழைக்காயும் சேர்த்து ஃபூஃபூ மாவு இடிப்பாள். தரையே அதிரும்.

"ஒரே ஒரு நாள், அக்கா. புதன்கிழமை மதியம் மட்டும்."

"மாஸ்டர், நம்ம ஊர் அசாந்திக்காரன் என்னத்தத் தின்னாலும் ஃபூஃபூ தின்னலன்னா பட்டினின்னுதான் சொல்லுவான். என் கடைக்கு வர்றவனெல்லாம் அசாந்திக்காரன். நீங்க அவங்களுக்குப் பதில் சொல்றீங்களா?"

"பிள்ளையோட எதிர்காலம், அக்கா."

"அந்தப் பிள்ள என் உரலுக்குப் பக்கத்துல உக்காந்துதான் வாய்ப்பாடே படிச்சுது. அப்ப எந்த எதிர்காலம் கெட்டுப் போச்சு? அடுத்து என்ன, ஆட்டுக்கு மாஸ்க் போடுவீங்களா?"

முற்றம் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் கொனாடு முகத்துக்காக ஒப்புக்கொண்டாள். என் முகத்துக்காக இல்லையாம். அதையும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

ஜூன் 9, செவ்வாய்

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. வண்டிச் சங்கத்து அடையாள அட்டையைக் கழுத்தில் போடலாமா? போடலாம்.

ஜூன் 10, புதன்

நடந்தது. ஆட்டை அடுத்த வளாகத்தில் கட்டினார்கள். மிஷின் இல்லை, ரேடியோ இல்லை, உலக்கை இல்லை. கல்லறைத் தோட்டத்தில்கூட இப்படி ஓர் அமைதி இருக்காது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணை மகளை விட்டு எடுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. தும்மல் வந்தது, அதையும் விழுங்கினேன். இந்தக் குமாசியில் என்னைப் போல் ஒரு கண்காணிப்பாளர் இன்று இருந்திருக்க மாட்டார்.

கொனாடுதான் சரியாக இல்லை. கூன் போட்டு உட்கார்ந்தாள், நகத்தைக் கடித்தாள், ஒரு விடையைத் தொட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனாள். முடித்து எழுந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிம்மா எழுதின?"

"தெரியலப்பா."

வெளியே டூஃபியே அக்கா, "தேர்வு முடிஞ்சுதா? நாங்க மூச்சு விடலாமா?" என்று கத்தினாள்.

ஜூன் 11, வியாழன்

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

தேர்வுப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். கொனாடுவின் தாளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அறையில் ஓர் ஆண் சங்கேத ஒலி கொடுத்திருக்கிறானாம். ஒலி வந்த உடனே மாணவி விடையை மாற்றியிருக்கிறாளாம். சங்கேதமா! நானா! புள்ளியியல்னா என்னன்னே எனக்குத் தெரியாது, நான் எதச் சொல்லிக் குடுக்கறது? என்று கத்திவிட்டேன். வளாகம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் கோபப்படாமல் பதிவைப் போட்டுக் காட்டினார். ஒரே அமைதி. பிறகு, "உச்". மறுபடி அமைதி. "உச்".

"அது பல்லி, சார்" என்றேன்.

"பல்லியா?"

"எங்க சுவர்ல நிறைய உண்டு, சார்."

பின்னால் ஃப்ரேமா சிரிக்கிறாள். மகள் எதிர்காலம் தொங்குகிறது, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "கல்யாணமான நாள்லேர்ந்து அந்தப் பல்லியோடதான் நான் குடும்பம் நடத்தறேன். சூப்புல உப்பு கொறஞ்சா கத்தும், கதவு தெறந்து கெடந்தா கத்தும். பக்கத்து அறைக்காரங்களுக்கெல்லாம் தெரியும் அந்தப் பல்லிய."

கொனாடு சிரிக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

நான் உச்சுக் கொட்டுகிறேனா? இன்று முழுக்க என் நாக்கைக் கவனித்தேன். டிரைவர் வண்டியைக் கோணலாக நிறுத்தினான் - உச். ஒருத்தி சில்லறையைக் கீழே போட்டாள் - உச். மழை வந்தது - உச். மழைக்குமா? உச்சுக் கொட்டுகிறேனே என்று நினைத்து இன்னொரு உச்.

கடவுளே! இவ்வளவு காலம் இந்தச் சத்தம் என் வாயிலிருந்தா வந்தது?

ஜூன் 16, செவ்வாய்

விசாரணை. போனிலேயே. அந்தப் பக்கம் தேர்வு அதிகாரியும் அசாபியா மேடமும். இந்தப் பக்கம் கட்டிலில் நாங்கள் மூவரும், நடுவில் போனும். ஜன்னலுக்கு வெளியே டூஃபியே அக்கா மரவள்ளி உரிப்பது போல் நின்றாள். கையில் கத்தி இல்லை.

நான் எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். பல்லி இல்லை, நான்தான். ஆனால் சத்தியமாக விடை சொல்லவில்லை. அவள் கூன் போட்டதற்கு, நகம் கடித்ததற்கு, காலை ஆட்டியதற்கு உச்சுக் கொட்டினேன், அவ்வளவுதான். "என்னைத் தண்டிங்க, சார். அவள விட்டுடுங்க."

"உக்காருங்க, அப்பா" என்றார் அசாபியா மேடம். நான் நிற்பது எப்படித் தெரிந்தது? "நீங்க விடை சொல்லலன்னு எங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. எந்த நேரத்துல எத மாத்தினான்னு எல்லாம் பதிவாகி இருக்கு. பதினாலு எடத்துல அந்தச் சத்தம். பதினாலு தடவையும் உடனே விடைய மாத்தியிருக்கா."

"ஐயோ."

"பதினாலும் அவ மொதல்ல போட்டது சரியான விடை. மாத்தினதுதான் தப்பு."

மேடம் கொனாடுவிடம், ஏம்மா மாற்றினாய் என்று கேட்டார். கொனாடு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா உச்சுக் கொட்டினா நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம், மேடம். எதுன்னு தெரியாது. அதனால கையில இருக்கறத மாத்திடுவேன்."

அழுதேன். எழுத வெட்கமில்லை, அழுதேன். வெளியிலிருந்து, "வேலியே பயிர மேஞ்ச கதையாப் போச்சே" என்று டூஃபியே அக்கா சொன்னது கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மறுதேர்வு தருகிறார்கள். கண்காணிப்பாளரை மாணவியே தேர்ந்தெடுக்கலாம். நான் அந்த அறையில் இருக்கக் கூடாது. அதிகாரி இதைச் சொல்லத் தயங்கினார், மேடம் தயங்கவில்லை. வேறொரு வீட்டில் ஒரு தகப்பனாரை அலமாரிக்குள் ஒளிந்திருக்கும்போது பிடித்தார்களாம், ஆகவே நான் பரவாயில்லையாம். ஆறுதலுக்குச் சொன்னார் போலிருக்கிறது.

"யாரம்மா உக்காரணும்?"

கொனாடு யோசிக்கவே இல்லை. "டூஃபியே அத்தை. அப்புறம் மேடம்... இடிக்கற சத்தம் இருந்தா பரவாயில்லையா? அந்தச் சத்தத்துலதான் எனக்குப் படிப்பு ஓடும்."

ஃபூஃபூ இடிக்கும் சத்தத்துக்கு அனுமதி என்று அதிகாரி எழுத்தில் அனுப்பினார்.

ஜூன் 24, புதன்

டூஃபியே அக்கா சபைக்குக் கட்டும் உடையில், தலையில் துணி சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது வாசலில் நின்று, "நான் கண்காணிக்கப் போனா என் ஃபூஃபூவ யாரு இடிப்பாங்க, மாஸ்டர்?" என்றாள்.

நான் இடித்தேன். வேறு யார்? உலக்கை என் கையில். உரலுக்குள் கை விட்டு மாவைப் புரட்டியது ஃப்ரேமா. "உச்சுக் கொட்டினீங்கன்னா தாளம் தப்பும். தாளம் தப்பினா என் வெரல் போயிடும்" என்றாள். முற்றம் முழுக்க வேடிக்கை பார்த்தது. தையல்காரர் தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று கத்தினார். கை கொப்பளித்து, இடுப்பு பிடித்து, வேர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்தினால் உள்ளே அவளுக்குக் கேட்காமல் போய்விடுமே என்று நிறுத்தவில்லை. மாவு எப்போதோ பதமாகிவிட்டது. அப்புறமும் இடித்தோம்.

கதவு திறந்தது. டூஃபியே அக்கா முதலில் உரலுக்குள் எட்டிப் பார்த்தாள். "இது ஃபூஃபூ இல்ல, கோந்து" என்றாள்.

"எப்படி எழுதினா?"

"எனக்கென்ன தெரியும்? நான் நல்லாத் தூங்கிட்டேன்."

ஜூலை 9, வியாழன்

தேறிவிட்டாள்! நல்ல மதிப்பெண். முதலில் ஓடிப்போய் டூஃபியே அத்தையிடம் சொன்னாள், பிறகு அம்மாவிடம், அதற்குப் பிறகு என்னிடம். நிலையத்துக்கே வரிசை சொல்பவனுக்கு வரிசையில் மூன்றாம் இடம். இருக்கட்டும், வண்டி வந்து சேர்ந்துவிட்டது.

ஜூலை 12, ஞாயிறு

சபை முடிந்து வந்து கொனாடு வாழைப்பழம் பொரித்தாள். எண்ணெய் அதிகம். நெருப்பும் அதிகம். ஒரு துண்டு நழுவிக் கீழே விழுந்தது. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், காத்திருந்தாள்.

என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். இன்னொரு துண்டும் விழுந்தது. இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குனிந்து எடுத்தாள். பழம் ஒரு பக்கம் நன்றாகக் கருகியிருந்தது. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.